நிறுத்தப்போகிற மஞ்சள் வண்டி

8 ஜனவரி, புதன்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்றைக்கு ஒரு கார் ஷோரூமில், விற்பனைக்கு நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டேன். கண்ணாடியைத் தட்டித்தான் எழுப்பினார்கள்.

"குறட்டை விட்டனா சாமி?" என்று எழுப்பின பெண்ணைக் கேட்டேன்.

"லேசாத்தானுங்க மேடம். வெளிய அவ்வளவா கேக்கலைங்க" என்றாள். மெர்லின் என்று கோட்டில் பேர் குத்தியிருந்தது. பொய் சொல்ல வராத பிள்ளை. கார் விற்கிற வேலை எப்படி நிலைக்குமோ.

போனது வேறு வேலைக்கு. ஷோரூமில் வேலை செய்கிற எட்டுப் பெண்களுக்கு மேல்கோட்டு தைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொருத்தியாக வந்து போட்டுப் பார்க்க வேண்டும். மூணாவது பெண் ஏதோ கஸ்டமரிடம் மாட்டிக்கொண்டாள். நிற்க முடியாமல், பக்கத்தில் கதவு திறந்திருந்த காரில் சும்மா பின்பக்கமாகச் சாய்ந்தேன். அவ்வளவுதான், உட்கார்ந்திருந்தேன். ஏறவும் இல்லை, குனியவும் இல்லை. இடுப்பு தானாகப் போய் இடம் பிடித்துக்கொண்டது. அப்புறம் ஏசி. அப்புறம் மெர்லின்.

"இது ஏன் சாமி ஓரமா நிக்குது?" என்றேன்.

"இந்த மாடலை மார்ச்சோட நிறுத்தறாங்க மேடம். மூணே மூணு வண்டி மிச்சம்."

"நல்லாத்தான இருக்குது, எதுக்கு நிறுத்தறாங்க?"

"ஓடலைங்க."

"ஓடாதா?"

"ஐயோ, வண்டி நல்லா ஓடுமுங்க. விக்கறது ஓடலை."

வீடு வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டினேன். நல்லா ஓடுகிற வண்டியை நிறுத்துகிறார்களாம்.

9 ஜனவரி, வியாழன்

அளவு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் ஊர்ப் பெண்களின் மார்பளவு, இடுப்பளவு. அதனால் என் வீட்டுக்காரர் இந்த நோட்டைத் தொட மாட்டார். கௌரவமான மனுசர்.

அவரைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது. பேர் கிட்டுசாமி. உடுமலைக்கும் பழனிக்கும் நடுவில் இருபத்தேழு வருசம் பஸ் ஓட்டினவர். போன வருசத்துக்கு முந்தின வருச நவம்பரில் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் பாதிச் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கின்றன. வீட்டுக்குள் கோல் ஊன்றி நடக்கிறார்.

வாசலைத் தாண்டிப் பதினாலு மாசம் ஆகிறது. முதல் தடவை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போக ஆட்டோ வந்தது. குனிந்து ஏற முடியவில்லை. நான் ஒரு பக்கம், ஆட்டோக்காரர் ஒரு பக்கம் தூக்கினோம். பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்போது அவர் ஓட்டின அதே பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "அண்ணே, பாத்துங்கண்ணே" என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பினதும், "இனி என்னைய மூட்டை ஏத்தற மாதிரி எங்கயும் ஏத்தாத" என்றார். சரிங்க என்றேன். இப்போது டாக்டர் அவர் நாக்கைச் செல்போனில் பார்க்கிறார்.

இதற்கும் காருக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு டெலிவரிக்கு ஒரு வண்டி தேவைப்படுகிறது, அவ்வளவுதான். முகூர்த்த மாசத்தில் நாற்பது ஜாக்கெட்டை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் வண்ணாத்துறைக்கு வழி கேட்கிறார்கள்.

12 ஜனவரி, ஞாயிறு

இஞ்ச் டேப்போடு மறுபடி ஷோரூம் போனேன். கோட்டில் பொத்தான் இறுக்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, கண்ணில் பட்ட கார் சீட்டை எல்லாம் தரையிலிருந்து அளந்தேன். மெர்லின் பின்னாலேயே வந்தாள்.

"எல்லாரும் மைலேஜ் கேப்பாங்க மேடம். நீங்கதான் சீட்டு உயரம் கேக்கறீங்க."

"அவங்கவங்க தொழில் சாமி."

சின்ன கார் எல்லாம் பத்தொன்பது, இருபது. அதில் உட்காருவது கிணற்றில் இறங்குகிற மாதிரி. பெரிய வண்டிகள் முப்பதுக்கு மேல். ஏணி கொடுத்து விற்க வேண்டும். நான் தூங்கின வண்டி மட்டும் நோட்டில் இருபத்தாறு.

வீட்டில் அவர் கட்டிலுக்குப் பிசியோ தம்பி மரக்கட்டை வைத்து உயர்த்தி, தானே அளந்து சொன்னதும் இருபத்தாறு. அந்தக் கட்டிலிலிருந்து அவர் யார் கையையும் பிடிக்காமல் எழுந்துகொள்கிறார். நாற்காலியிலிருந்து எழ மட்டும் என் தோள் வேண்டும்.

கட்டில் இருபத்தாறு. கார் இருபத்தாறு. சும்மா எழுதி வைக்கிறேன்.

17 ஜனவரி, வெள்ளி

மகள் இந்துமதி ஓசூரிலிருந்து பேசினாள். கம்பெனியில் பெரிய வேலை. எல்லாவற்றுக்கும் படம் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"அம்மா, யூடியூப்ல பத்துப் பேரு பாத்துட்டேன். பத்துப் பேரும் அதை வாங்காதீங்கறாங்க. நிறுத்துன பின்னாடி பார்ட்ஸ் கெடைக்காது. திருப்பி வித்தா பாதிக்குப் பாதி போகாது."

"அந்தப் பத்துப் பேரும் உங்கொப்பன எந்திரிக்க வச்சு உக்கார வைப்பாங்களா கண்ணு?"

"டெலிவரிக்குன்னு சொன்ன?" என்றாள்.

"ஆமா, டெலிவரிக்குத்தான்" என்று போனை வைத்தேன். குக்கர் விசில் அடித்தது. உண்மையாகவே அடித்தது.

22 ஜனவரி, புதன்

காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போனேன். போன இடத்தில் கிளட்சை விடத் தெரியாமல் வண்டி நாலு தடவை நின்றது. "மேடம், இது தையல் மிஷின் இல்லீங்க, ஒரே மிதியா மிதிக்கறீங்க" என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். முப்பது வருசமாக மிதித்த காலுக்கு மெதுவாக என்றால் என்னவென்று தெரியவில்லை.

ஏழே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன்.

"பால் எங்க?" என்றார் அவர்.

மறந்துபோச்சு.

25 ஜனவரி, சனி

காடாத் துணியில் ட்ரையல் தைத்துப் பார்க்காமல் பட்டுத் துணியில் கத்திரி வைக்கிற தையல்காரி உருப்பட்டதில்லை. அதனால் கார் வாங்குவதற்கு முன்னால் ஒரு காரை வீட்டிலேயே தைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வெட்டுகிற பெஞ்சின் மேல் ரெண்டு பலகை, அதற்கு மேல் மடித்த ஜமுக்காளம். நோட்டைப் பார்த்து இருபத்தாறு இஞ்ச் சரியாகக் கொண்டுவந்தேன். தலைக்கு மேல் கார்க் கதவு எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் குறுக்கே ஒரு கயிறு. கால் தூக்கி வைக்க வாசல் விளிம்பு மாதிரி ஒரு மரத்துண்டு.

"என்ன புள்ள இது, கோழிக் கூண்டா?" என்றார்.

"பிசியோ தம்பி சொன்ன புதுப் பயிற்சிங்க. கயித்துல தல முட்டாம பின்னால உக்காந்து, ரெண்டு காலையும் உள்ள திருப்போணும். அப்புறம் எந்திரிக்கோணும். தெனம் பத்துத் தடவை."

"எதுக்கு?"

"இடுப்புக்கு."

கோலைப் பலகையில் சாத்தி, வலது கையை ஊன்றி உட்கார்ந்தார். இடது காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தார். எழுந்தார். முதல் தடவையே எழுந்தார். நான் உள்ளே போய் வெங்காயம் உரித்தேன்.

30 ஜனவரி, வியாழன்

பால் வாங்குமிடத்தில் இன்றைக்கு ரிவர்ஸ். மாஸ்டர் ரெண்டு தடவை சாமி பேர் சொன்னார். வேறு வேறு சாமி.

2 பிப்ரவரி, ஞாயிறு

பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எட்டாவது தடவை உட்கார்ந்தவர் எழவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, காலு வலிக்குதா?"

"நாகமணி. நான் இருபத்தேழு வருசம் வண்டிக்குள்ள உக்காந்தவன். வண்டிக் கதவு எதுன்னு எனக்குத் தெரியாதா? என்ன வண்டி இது?"

இனிமேல் மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கினதையும் பால் வாங்கப் போனதையும் மட்டும் சொல்லவில்லை. நிறுத்தப்போகிற மாடல் என்பதையும் சொன்னேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"நின்னுபோன வண்டிக்கு நின்னுபோன ஆளு. பொருத்தமெல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டனுங்க. ராகு கேது மட்டும் கொஞ்சம் இடிக்குது. வண்டிக்கு ஹார்ன் வேலை செய்யுது, ஆளு மூணு மாசமா வாயே தொறக்கலை."

எழுந்து கட்டிலுக்குப் போய்விட்டார். கோலை எடுக்க மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தார். அவரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3 பிப்ரவரி, திங்கள்

காலையில் எழுந்து பார்த்தால் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். இடுப்புக்காம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பாட்ஷா பாயை வரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஓட்டின பஸ்ஸுக்கு ஆயுசு முழுக்க வைத்தியம் பார்த்த மெக்கானிக். டீ கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"பாய், நிறுத்தப்போற வண்டிய வாங்கலாமுங்களா?"

"எஞ்சின் என்னங்கக்கா?"

மெர்லின் எழுதிக்கொடுத்த காகிதத்தை நீட்டினேன்.

"இந்த எஞ்சினு அவங்களோட வேற ரெண்டு வண்டில இன்னும் ஓடுது. பிரேக்கு, கிளட்சு, பில்டரு எல்லாம் கெடைக்கும். பத்து வருசத்துக்குப் பயமில்ல. ஆனா அந்த வண்டிக்குன்னே செஞ்ச சாமான் இருக்குதுல்லீங்க, முன்னாடி லைட்டு, பம்பரு, கதவுக் கண்ணாடி, அதெல்லாம் போகப் போகத் திண்டாட்டந்தான்."

"அப்ப இடிக்காம ஓட்டோணும்."

"யாரு ஓட்டறது?"

நான் டீ கிளாசைக் கழுவப் போய்விட்டேன்.

உள்ளே கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "பாய், தயாரிச்ச மாசம் பாக்கச் சொல்லு. வெயில்ல நின்ன வண்டி, டயர் காஞ்சிருக்கும். பேட்டரி செத்திருக்கும். அதை மாத்தித் தந்தாத்தான்னு பேசச் சொல்லு."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் டயர், பேட்டரி என்று பேசி ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது.

"இதையெல்லாம் நீயே வந்து பாத்தா என்னண்ணே?" என்றார் பாய்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

14 பிப்ரவரி, வெள்ளி

ஷோரூம் போனேன். மூணு வண்டியில் வெள்ளை போய்விட்டது. காப்பிக்கலர் நேற்றுப் போய்விட்டது. மிச்சம் ஒன்றுதான். நல்ல மஞ்சள். மேற்கூரை மட்டும் கறுப்பு.

கடைசிப் பிட்டுத் துணி வாங்கும்போது நான் கடைக்குள் வைத்துப் பார்க்க மாட்டேன். வெயிலுக்குக் கொண்டுவந்து, ரெண்டு பக்கமும் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். கறையோ ஓட்டையோ கடைசி முழத்தில்தான் இருக்கும். அதே மாதிரி வண்டியை வெளியே எடுக்கச் சொன்னேன். சுற்றி வந்தேன். குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். அடியில் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தேன். மெர்லினும் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போல.

"பஃப் கை ஜாக்கெட்டு நின்னுபோச்சுன்னு மூணு தடவை சொன்னாங்க சாமி. மூணு தடவையும் திரும்பி வந்துருச்சு. இது திரும்பி வருமா?"

"தெரியலைங்க மேடம்."

"கடைசி வண்டி பேக்டரில இருந்து வெளிய வரப்ப அங்க இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? பாயசம் வைப்பாங்களா, அழுவாங்களா?"

"மேடம், டயர், பேட்டரி புதுசா மாத்தித் தந்தர்றோம். அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க" என்று சிரித்துவிட்டாள்.

வீட்டில் போட்டோவைக் காட்டினேன்.

"ஆட்டோ மாதிரி இருக்குது" என்றார்.

"ஆட்டோவுக்கு மூணு சக்கரமுங்க."

"தூரத்துல இருந்து பாத்தா யாரு சக்கரத்த எண்ணறா?"

1 மார்ச், சனி

லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் நான் திருடி மாதிரி இருக்கிறேன். அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இனிமேல் பால் வாங்கப் போக வேண்டியதில்லை.

நாளைக்கு ஷோரூமிலிருந்து வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். "சும்மா ஒருக்கா உக்காந்து பாருங்க" என்று கேட்டேன். முடியாது என்று சொல்லவில்லை. முகச்சவரம் பண்ணிக்கொண்டார்.

2 மார்ச், ஞாயிறு

வண்டி பத்து மணிக்கு வந்தது. மெர்லினும் ஒரு டிரைவர் தம்பியும் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, கோல் ஊன்றி, வாசல்படியில் ஒரு நிமிசம் நின்று, இறங்கினார். எதிர் வீட்டுச் சொர்ணம் அக்கா கோலம் போட்டு முடித்த பின்னும் உள்ளே போகவில்லை. ஒரே புள்ளியை வைத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் திரும்பி, வலது கையைக் கதவில் ஊன்றி உட்கார்ந்தார். பலகையில் உட்கார்ந்ததை விடக் கொஞ்சம் கீழே போனார். காலை எடுத்து உள்ளே வைத்தார். சுற்றிப் பார்த்தார். டேஷ்போர்டைத் தடவினார்.

"எந்திரிங்க" என்றேன்.

எழ முடியவில்லை. ரெண்டாம் தடவையும் முடியவில்லை. மூணாம் தடவை கதவுதான் ஆடியது. நான் தோள் கொடுத்தும் ஆகவில்லை. டிரைவர் தம்பி வந்து அக்குளில் கை போட்டான். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். சொர்ணம் அக்கா கோலப்பொடியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "பாத்துங்க, பாத்துங்க" என்றார்.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "வேண்டாம், விட்டுரு" என்றார்.

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

3 மார்ச், திங்கள்

ஏழு ஜாக்கெட் தைத்தேன். நூல் பதினோரு தடவை அறுந்தது. நூல் சரியில்லை.

4 மார்ச், செவ்வாய்

பலகையைப் பிரித்துப் போட்டுவிட்டேன். மெர்லின் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. இருபத்தாறு என்றால் இருபத்தாறுதானே. கட்டிலில் எழுகிற மனுசர் காரில் ஏன் எழவில்லை? சீட்டு மெத்தென்று இருப்பதாலா? அதை அழுத்தித்தான் அளந்தேன். விடாமல் மண்டையைக் குடைகிறது.

6 மார்ச், வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம் போல வெட்கமாக இருக்கிறது.

நான் எந்த அளவையும் உள்ளபடி எழுதினதே இல்லை. உடம்பு முப்பத்தாறு என்று டேப் சொன்னால் நோட்டில் முப்பத்தேழரை எழுதுவேன். மூச்சு விட, கை தூக்க, விருந்து சாப்பிட, ஒன்றரை இஞ்ச் லூஸ் விட்டுத்தான் கை எழுதும். கேட்டுக்கொண்டெல்லாம் எழுதாது. இன்றைக்கு ஒரு பெண்ணுக்கு அளவெடுக்கும்போது கை தானாகக் கூட்டி எழுதினதைக் கண் பார்த்தது. அப்படியே டேப்பைப் போட்டுவிட்டு ஷோரூமுக்கு ஸ்கூட்டியை விட்டேன்.

அளந்தேன். இருபத்து நாலரை.

காருக்கும் லூஸ் விட்டிருக்கிறேன். கார் மூச்சு விடட்டும் என்று.

"மேடம், சிரிக்கறீங்களா அழுகறீங்களா?" என்றாள் மெர்லின்.

"நீ வண்டிய யாருக்கும் கொடுத்துறாத சாமி. பத்தே நாளு" என்றேன்.

அவரிடம் வந்து சொன்னேன். எல்லாரிடமும் நான் பண்ணுகிற கேலிக்கு ஒரு நாள் வட்டியோடு திரும்பி வரும் என்று தெரியும். இன்றைக்கு என்று தெரியாது. முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"முப்பது வருசம் ஊரையே அளந்தவ. ஒரு சீட்டை அளக்கத் தெரியல."

"ஆமாங்க."

"சொர்ணம் அக்காளுக்கு இதச் சொல்லு. அந்தம்மா என் காலு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியும்."

"ஆமாங்க."

"கார் குண்டாகும்னு நெனைச்சியா? ரெண்டு தையல் பிரிச்சு விட்டுக்கலாம்னு?"

சாப்பாடு வரைக்கும் இதுதான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அப்ப நான் எந்திரிக்காதது என் தப்பில்ல" என்றார். கேள்வி மாதிரியும் இருந்தது.

"துளியும் இல்லீங்க. எல்லாம் தையல்காரி தப்பு."

9 மார்ச், ஞாயிறு

திண்டு தைத்தேன். ஸ்பாஞ்சு கடையில் கெட்டியான ரகம். அவர் உட்கார்ந்து அமுங்கினபின் ஒன்றரை இஞ்ச் நிற்கிற மாதிரி ரெண்டேகால் எடுத்தேன். இந்தத் தடவை டேப்பை அவர் கையில் கொடுத்தேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். "உள்ளதை எழுதறயா?" என்று மூணு தடவை கேட்டார்.

உறைக்கு ரெக்சின் வேண்டாமென்றார். வழுக்குமாம். "பஸ்ல ரெக்சின் சீட்டு. பிரேக் அடிச்சா பாதிப் பேரு டிரைவர் முதுகுல இருப்பாங்க." ஆகவே சொரசொரப்பான ஜமுக்காளத் துணி. அடியில் நாடா நாலு, சீட்டோடு கட்ட.

இந்துமதி போன் பண்ணினாள். விசயத்தைச் சொன்னேன். "அம்மா, யூடியூப்ல இதை யாருமே சொல்லலை" என்றாள்.

16 மார்ச், ஞாயிறு

வண்டி மறுபடி வந்தது, மெர்லினும் அதே டிரைவர் தம்பியும் கூட. சொர்ணம் அக்கா இந்தத் தடவை நாற்காலியே போட்டுக்கொண்டார்.

திண்டைக் கட்டினேன். அவர் திரும்பி உட்கார்ந்தார். காலை எடுத்து வைத்தார். டிரைவர் தம்பி அக்குளில் கை போட ஒரு அடி முன்னால் வந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

எழுந்தார். தானாக. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, எதிர் வீட்டைப் பார்த்து, "என்னக்கா, காப்பியாச்சா?" என்றார்.

அப்புறம் மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை எழவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"போலாம்" என்றார்.

"எங்கீங்க?"

"எங்காச்சும்."

டிரைவர் தம்பி ஸ்டியரிங் பக்கம் போனான். "தம்பி, நீங்க பின்னால உக்காருங்க" என்றார் அவர். "அந்தம்மா ஓட்டட்டும்."

"எனக்கெங்கீங்க ஓட்டத் தெரியும்?"

"ஒன்றரை மாசமாப் பால் வாங்கப் போன. ஒரு நாளாவது பால் வந்துச்சா? தூக்கத்துல இடது காலால என்னையத்தான் மிதிக்கற, கிளட்சுன்னு நெனைச்சு. லைசென்ஸ் அரிசி டப்பாவுக்கு அடில இருக்குது. போயி எடுத்துட்டு வா."

எடுத்துட்டு வந்தேன்.

பழனி ரோட்டில் விட்டேன். அவர் பஸ் ஓட்டின ரோடு. முதலில் ரெண்டு கிலோமீட்டர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று துடைத்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. அப்புறம் ஆரம்பித்தார்.

"ரெண்டாவது கியர்லயே எத்தன நேரம்? வண்டி அழுகுது பாரு."

"அழுகட்டுமுங்க."

"கிளட்ச்சு மேல கால வச்சுட்டே ஓட்டாத. அது உன் வீட்டுக் கால்மிதியா?"

"இல்லீங்க."

"கண்ணாடியப் பாரு. பின்னால பஸ் வருது. வழி விடு. டிரைவருக்கு டைம் ஆச்சுன்னா எரிச்சல் வரும்."

வழி விட்டேன். பஸ் தாண்டும்போது அந்த டிரைவர் யாரென்று பார்த்து, வலது கையைத் தூக்கினார். அவனும் தூக்கினான். பாத்துங்கண்ணே என்று சொல்லவில்லை. ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

மெர்லின் பின் சீட்டில், "அங்கிள், இது நிறுத்தற மாடல்தானுங்க, யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றாள். சொன்னேனே, இந்தப் பிள்ளைக்கு இந்த வேலை நிலைக்காது.

"நானும் ஓடற வரைக்கும் ஓடறன். இதும் ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றார். "மஞ்சள்தான் கொஞ்சம்... சரி, விடு."

பணம் எங்கிருந்து என்று இந்த நோட்டில் எழுத மாட்டேன். அது என் பாடு.

31 மார்ச், திங்கள்

வண்டி எங்கள் பேருக்கு வந்தது. மெர்லின் கேக் வெட்டச் சொன்னாள். அவர் காரில் இருந்தபடியே வெட்டினார். ஷோரூமில் இன்றோடு அந்த மாடலின் போர்டைக் கழற்றினார்கள். போர்டைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். எதற்கு என்றார்கள். எனக்கும் தெரியவில்லை. சும்மா கேட்டேன்.

4 ஏப்ரல், வெள்ளி

பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையார் கோவிலில் வண்டிக்குப் பூஜை. அந்தக் கோவில்தான் வேண்டும் என்றார் அவர். டிரைவர், கண்டக்டர் எல்லாரும் டீ குடிக்கிற இடம். பத்துப் பன்னிரண்டு பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். அவர் முன் சீட்டில் திண்டின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் சொன்னார். நல்ல ஹைட்டு, கிட்டண்ணா, என்றார்கள். ஆமா, அளவெடுத்துத் தச்சது, என்றார்.

பூசாரி முன் கண்ணாடியில் சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாகப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தார். மாலையைச் சரி பண்ணுவதற்காகத் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். கற்பூரத் தட்டைப் பானெட்டுக்கு மேலாகத் தூக்கிக் காட்டினார்.

அந்த நேரம் பின்னால் பழனி பஸ் வெளியே வரப் பார்த்தது. நம்ம வண்டி ஓரம் போகப்போகிறது என்று அவனுக்குக் காட்ட, என் வீட்டுக்காரர் பழக்கத்தில் கையை நீட்டி ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியை இழுத்தார். அது இண்டிகேட்டர் இல்லை.

தண்ணீர் ரெண்டு பக்கமும் பீய்ச்சியது. கற்பூரம் அணைந்தது. வைப்பர் பூசாரியின் துண்டை எடுத்துக்கொண்டு கண்ணாடியில் நாலு தடவை போய்வந்தது. சந்தனம் குங்குமம் எல்லாம் சமமாகப் பரவிவிட்டதால் ஸ்டியரிங் முன்னால் இருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை, வண்டியை நகர்த்த முடியவில்லை. பழனி பஸ் பதினைந்து நிமிசம் லேட்டாகக் கிளம்பியது.

பூசாரி துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி கற்பூரம் ஏற்றினார்.